ஆனையிறவுப் படலை

சென்ற தவணை முடிவதற்கு முன்னர் எங்கள் பாடசாலையின் தரம் 10, 11 மாணவர்களை ஆனையிறவுக்குக் கூட்டிப் போனேன். கல்விச் சுற்றுலா என்றால் பிள்ளைகள் கேட்பது கண்டி, நுவரெலியா. அதற்குக் காசு சேராவிட்டால் ஏதாவது ஒரு கடற்கரை. ஆனையிறவு என்று சொன்னதும் பின் வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: "அங்க என்ன சேர் இருக்கு, உப்புத்தானே?" கோட்டை இருக்கிறது என்றேன். இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும்.

அச்சுவேலியிலிருந்து புத்தூர் வந்து, வண்ணாத்திப் பாலம் கடந்து மீசாலையில் ஏறினால் பிறகு கண்டி வீதி ஒரே நேர். கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள், முகமாலை, பளை, இயக்கச்சி. எங்கள் பக்கத்துச் செம்மண்ணும் வெங்காயப் பாத்தியும் புகையிலையும் பின்னால் போய்விட, தென்னையும் மணலும் வரும். அதற்கப்பால் தென்னையும் இல்லை. வெளி. இரண்டு பக்கமும் தண்ணீர்.

பஸ்ஸுக்குள் வேலிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. யாழ்ப்பாணத்தில் காணி வாங்கியவன் கிணறு வெட்டுவதற்கு முதல் வேலி அடைப்பான், ஒரு படலை போடுவான், அதன் பிறகுதான் மற்றதெல்லாம் என்றேன். "எங்கட ஊர்ப் பேரிலயே வேலி இருக்குத்தானே சேர்" என்றாள் ஒரு பிள்ளை. வேலி என்பது பழைய நில அளவும்தான் என்று திருத்தப் போனேன். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் விட்டுவிட்டேன். ஒல்லாந்தரைப் பற்றித் தொடங்க அது நல்ல இடமாகவும் இருந்தது.

குடாநாட்டின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கழுத்து மெலிந்த உடல். பெருநிலத்தோடு அதை ஒட்டவைத்திருப்பது கிழக்கே ஒரு ஒடுங்கிய நிலத்துண்டும், ஆழமில்லாத ஏரியும்தான். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இந்த ஏரிக்குள் இறக்கித்தான் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு வந்தார்கள். இடத்தின் பெயரும் அப்படி வந்தது. 1619 இல் சங்கிலி மன்னனைப் பிடித்து யாழ்ப்பாண அரசை முடித்தவர்கள் போர்த்துக்கேயர். அவர்களிடமிருந்து 1658 யூனில் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தவர்கள் ஒல்லாந்தர். கோட்டை கைக்கு வந்ததும் கொம்பனிக்காரருக்கு ஒரு கவலை பிடித்தது. கடல் பக்கம் கப்பல் இருக்கிறது, பட்டினத்தில் கோட்டை இருக்கிறது, ஆனால் முதுகுப் பக்கம் வன்னி திறந்து கிடக்கிறது. வன்னியில் வன்னியர்கள், அவர்களுக்கும் அப்பால் கண்டி அரசன்.

அதற்காக ஏரிக்கும் கிழக்குக் கடலுக்கும் இடையில் மூன்று சின்னக் கோட்டைகள் எழும்பின. ஒன்றின் பெயர் பைல், ஒல்லாந்த மொழியில் அம்பு. இன்னொன்று பெஸ்கூட்டர், காவலன் என்று பொருள். மூன்றாவது ஆனையிறவு, அதை அவர்கள் யானைக் கடவை என்றே தங்கள் மொழியில் எழுதினார்கள். மூன்றுக்கும் பொதுவாக அவர்கள் வைத்த சொல் 'பாஸ்', கடவை. எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியிருக்கவில்லை. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷந்தான்.

இந்தக் கோட்டைகளைப் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டு யாரும் போய் ஏமாற வேண்டாம். யாழ்ப்பாணக் கோட்டையோடு வைத்துப் பார்த்தால் இவை காவற்குடிசைக்கு மதில் கட்டியது மாதிரி. ஒரு சிறு படை, ஒரு படலை, ஒரு கணக்குப் புத்தகம். என் எண்ணம், இவற்றில் முக்கியமானது மதில் அல்ல, அந்தப் புத்தகந்தான். கண்டிப் படை வருகிறதா என்று பார்த்திருந்த நாட்கள் எத்தனையோ, அதைவிட அதிகமான நாட்கள் வந்தவன் போனவனை எண்ணிக் கழிந்திருக்கும். வன்னியிலிருந்து எத்தனை யானை வந்தது, யார் சரக்குக் கொண்டு போகிறான், யார் தலைவரி கட்டாமல் காட்டுக்குள் போய்விடப் பார்க்கிறான், யாருடைய அடிமை ஓடிப்போகிறான். 1694 க்கும் 1696 க்கும் இடையில் சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோது ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாக யாழ்ப்பாணத்தில் இறக்கப்பட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கே கொமாண்டராக இருந்த ஹென்ட்றிக் ஸ்வார்டகுரூன் 1697 இல் தன் பின்னால் வருபவர்களுக்கு நீண்ட அறிவுறுத்தல் ஒன்று எழுதி வைத்தார். 1911 இல் கொழும்பில் அது ஆங்கிலத்தில் அச்சாயிற்று. வன்னியர்கள் திறையாகத் தரவேண்டிய யானைகளைப் பற்றி அவர் படுகிற கவலையைப் பார்த்தால் இந்த மனிதர் பின்னாளில் பத்தாவியாவில் கவர்னர் ஜெனரலாக உயர்ந்தார் என்பது ஆச்சரியமாயிராது. அவ்வளவு கணக்கு.

யானை வியாபாரத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதை நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. உண்மைதான். யாழ்ப்பாணத்தில் நடந்த யானை விற்பனைக்குக் கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் முஸ்லிம் வணிகர் வந்தார்கள். மாத்தறைக் காட்டில் பிடித்த யானைகளைக்கூட அங்கிருந்து நடத்திக் கொண்டு வந்து இங்கேதான் விற்றார்கள். முழம் போட்டு உயரம் பார்த்து விலை. கொம்பன் என்றால் கூட. ஊர்காவற்றுறைப் பக்கம் கப்பலேற்றினார்கள். பட்டினத்தில் ஆனைப்பந்தி என்று ஒரு சந்தி இன்றும் இருக்கிறது. ஆனால் அதே கொம்பனி, இதே மண்ணில் பிறந்து வளர்ந்த சோனகனைச் செட்டியோடு சேர்த்து வந்தேறி என்று வைத்து, 'ஊழியம்' என்று கட்டாய வேலை வாங்கியது. வேலை செய்ய மாட்டாதவன் காசு கட்டித் தப்பவேண்டும். யானை வாங்க வந்த முஸ்லிமுக்கு மரியாதை, இங்கேயே பிறந்த முஸ்லிமுக்கு ஊழியம். கடல் தாண்டி வந்து குடியேறிப் படலை போட்டவன், அதற்கு முன்பிருந்தே வீட்டில் இருந்தவனைப் பார்த்து வந்தேறி என்றான். யானை வியாபாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்து எழுதினால் நல்லது.

1795 இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தை எடுத்தார்கள். ஒல்லாந்தர் எதற்குப் பயந்து இந்தக் கடவைகளைக் கட்டினார்களோ அது எட்டு வருடத்துக்குப் பிறகு, அவர்கள் போனபின்தான் வந்தது. 1803 ஓகஸ்ட் 25 அன்று பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். உள்ளே இருந்த ஆங்கிலப் படை படகேறி யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. வன்னிப் படை ஆனையிறவு வரைக்கும் வந்தது. அதே வருடம் ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் கப்டன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தான். பிறகு பயப்பட ஆள் இல்லாமற் போகவே ஆனையிறவுக் கோட்டை பிரயாணிகள் தங்கிப்போகும் வாடிவீடாக மாறியது. 1905 இல் வடக்கு ரயில் பாதை முழுதாகத் திறந்து புகைவண்டி ஏரியைக் கடந்தது. படலை இருந்த இடத்தில் படலை இல்லாத காலம் என்றால் அதுதான், சில தசாப்தங்கள். அந்தக் காலத்தில் கோட்டை வாடிவீட்டில் தேநீர் குடித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்திருக்காது.

சுதந்திரத்துக்குப் பிறகு அதே இடத்தில் இராணுவ முகாம் வந்தது. அதற்குப் பின் நடந்தது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்றைமட்டும் சொல்கிறேன், வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில். 1991 யூலையில் புலிகள் ஆனையிறவை வளைத்தபோது, முகாமை மீட்க இராணுவம் கடல் வழியாக வந்து இறங்கிய இடம் வெற்றிலைக்கேணி. 2000 இல் முகாம் விழுந்ததற்குப் பெருங்காரணம் இயக்கச்சிக் கிணறுகள் கைமாறியது. ஆனையிறவில் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் கிடையாது, இயக்கச்சியிலிருந்துதான் வரவேண்டும். ஏப்பிரல் 22 அன்று இராணுவம் விட்டு விலகியது. 2009 சனவரி 9 அன்று திரும்பப் பிடித்தது. ஏரியிலிருந்து கிழக்குக் கடல் வரைக்கும் ஒல்லாந்தன் முந்நூறு வருடத்துக்கு முன் கோடு கிழித்த அதே நிலம். யார் வந்தாலும் அந்தக் கழுத்தைத்தான் பிடிக்கிறார்கள்.

இவ்வளவையும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. ஸ்வார்டகுரூன் வரைக்கும் சொன்னேன், பண்டாரவன்னியனைச் சொன்னேன், ரயிலைச் சொன்னேன், நிறுத்திக்கொண்டேன். பதினைந்து வருடமாக இப்படித்தான். ஆசிரியர் அறையிலும் ஒல்லாந்தரைப் பற்றிப் பேசுவது சுகம். கோபித்துக்கொள்ள அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. சக ஆசிரியர்கள் என்னை 'கோட்டை மாஸ்டர்' என்று பகிடி பண்ணுவார்கள். நானும் சிரிப்பேன். ஏன் கோட்டை என்று அவர்கள் கேட்டதில்லை, நான் சொன்னதுமில்லை.

எனக்குப் பத்து வயது. 1990 செப்டெம்பர் கடைசியில் யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து இராணுவம் போய்விட்டது என்று ஊரெல்லாம் கதை. எங்கள் தெருவிலிருந்து கோட்டை தூரமில்லை. மூன்று மாதமாக அந்தப் பக்கத்து ஷெல் சத்தத்தில் படுத்து எழும்பினவர்கள் நாங்கள். இனி நிம்மதி என்று உம்மா சொன்னது நினைவிருக்கிறது. ஒரு மாதம் கழித்து, ஒக்டோபர் 30 அன்று, விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். இரண்டு மணித்தியாலம் என்றார்கள். வாப்பா தையற்காரர். தைத்து முடித்த ஒரு சோடி காற்சட்டையை உரியவர் வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வெளிக்கிட்டார். உம்மா கையைப் பிடித்து நிறுத்தினா. அந்தக் காற்சட்டையை ஏன் அப்படி நினைவு வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. லொறி இரவில் போனது. பிறகு புத்தளம், ஓலைக் கொட்டில், வாப்பாவுக்கு உப்பளத்தில் கூலி.

2002 ஏப்பிரலில் கண்டி வீதி திறந்தது. அந்த மாதமே கிளிநொச்சியில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் சந்தித்தார்கள். முஸ்லிம்கள் திரும்பலாம் என்று பத்திரிகையில் வந்தது. வாப்பா பத்திரிகையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வா, வீட்டைப் பாத்திட்டு வருவம்" என்றார். வழியில் எத்தனை படலை என்று எண்ணிக்கொண்டு வந்தேன். ஓமந்தையில் இரண்டு, முகமாலையில் இரண்டு. ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் வாசல், மற்றவர் வாசல், நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு வீதி. ஒவ்வொரு வாசலிலும் படிவம், பெயர், சொந்த இடம், போகும் காரணம். சரக்குக்கு வரி. இதில் ஏதோ ஒரு படலையில், எதென்று நான் எழுதவில்லை, மேசையில் இருந்த இளைஞன் படிவத்தைப் பார்த்தபடியே கேட்டான்: "எப்ப திரும்பிப் போவீங்கள்?"

வாப்பா சொன்னார்: "திரும்பித்தான் தம்பி வந்திருக்கிறம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை. கேள்வி விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து இன்னொரு தடவை கேட்டான். வாப்பா "மூண்டு நாள்" என்றார். அவன் எழுதிக்கொண்டான்.

வீட்டில் ஓடு இல்லை, கதவு நிலை இல்லை, அறைக்குள் வேம்பு ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. அதைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அந்த மேசையைப் பற்றி. பல வருடம் கழித்து, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைப் பயிற்சியெல்லாம் முடிந்து, யாழ்ப்பாணத்துக்கே நியமனம் கேட்டு வந்து, கடவைக் கோட்டைகளைப் பற்றி வாசித்தபோது எனக்குக் கொம்பனிக்காரனின் முகம் தெரியவில்லை. அந்த இளைஞனின் முகந்தான் தெரிந்தது. ஒல்லாந்தச் சிப்பாயும் வயதில் அப்படித்தான் இருந்திருப்பான். மேலே இருப்பவன் எழுதிக் கொடுத்த கேள்வியைக் கேட்கிறவன். வாப்பா 2007 இல் புத்தளத்தில் மௌத்தானார். கண்டி வீதி 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியிருந்த காலம். ஊர் மண் கேட்டிருந்தார். கொண்டு போக முடியவில்லை.

ஆனையிறவுக்குத் திரும்புகிறேன். வீதியோரத்தில் இராணுவம் வைத்திருக்கும் நினைவுச் சின்னங்களில் பஸ்கள் நிற்கின்றன; 1991 சண்டையில் வந்த புல்டோசரைத் தெற்கிலிருந்து வரும் பிள்ளைகள் சுற்றி நின்று படமெடுக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏரிக்கரைக்கு வந்துவிட்டார்கள். "கோட்டை எங்க சேர்?" என்றார்கள். வாடிவீடாக நின்ற சுவர்களைக்கூடச் சண்டை விடவில்லை. காலடியில் கிடந்த முருகைக்கல் துண்டொன்றை எடுத்துக் காட்டினேன். கோட்டைக் கல்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். இப்படிப்பட்ட கல்லாலும் சுண்ணாம்பாலும்தான் கட்டினார்கள் என்றேன்.

அப்போதுதான் உப்புத்தானே என்று கேட்ட அதே பையன் என் பக்கத்தில் வந்து நின்றான். "எங்கட பெரிய மாமா இஞ்சதான் சேர் செத்தவர். ரெண்டாயிரமாம் ஆண்டு. அம்மா வர விடேல்ல. நான்தான் சேரோட எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

எந்தப் பக்கத்தில் என்று கேட்கவில்லை. அச்சுவேலிப் பிள்ளையிடம் அதைக் கேட்க வேண்டியதில்லை.

கொஞ்ச நேரம் இருவரும் தண்ணீரைப் பார்த்தோம். எனக்கு என்ன சொல்வதென்று வரவில்லை. அவனுடைய மாமாவுக்கு 1990 இல் என்ன வயது என்று மனம் கணக்குப் போட்டது. அப்படி ஒரு கணக்கு எழுந்ததற்கு வெட்கப்பட்டேன். பையன் கேட்டான்: "உங்களையும் இதாலதானோ சேர் கொண்டு போனது?"

இவனுக்கு யார் சொன்னது? அம்மாவா, அம்மம்மாவா? இத்தனை வருடத்தில் ஒரு மாணவனும் கேட்காத கேள்வி. ஊருக்குத் தெரிந்திருக்கிறது, வீடுகளுக்குள் பேசப்பட்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியாமலிருந்திருக்கிறது. ஒல்லாந்தருக்குப் பின்னால் நான் ஒளிந்திருந்தது போல அவர்களும் எதற்கோ பின்னால் ஒளிந்திருந்தார்கள் போலும்.

"இதால இல்லை" என்றேன். "இந்த வீதி அப்ப பூட்டிக் கிடந்தது. வேற வழியால. ராவில." பிறகு, கேட்காமலே, காற்சட்டைக் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "ஆற்ற காற்சட்டை சேர்?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். "எங்கட ஊர் ஆளாயும் இருக்கலாம்" என்றான். இருக்கலாம். வாப்பாவிடம் இந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் தைக்கக் கொடுத்தார்கள்.

இந்த உரையாடலை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். இரண்டு பக்கத்திலும் இதை ஒருவரையொருவர் மன்னித்த கதையாக வாசிக்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவனுக்கு மாமா திரும்பவில்லை, எனக்கு வாப்பாவின் மையித்து ஊர் வரவில்லை. ஒருவர் இழப்பை மற்றவர் கேட்டோம், அவ்வளவுதான். அதற்கும் ஒரு கோட்டை தேவைப்பட்டது, இடிந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது முகமாலையில் இருட்டிவிட்டது. 2009 க்குப் பிறகு பல வருடம் இந்த இடத்தில் கண்ணிவெடிப் பலகைகள் சிவப்பு மண்டையோட்டோடு வரிசையாக நிற்கும். வாப்பா படிவம் நிரப்பிய மேசை இருந்த இடம் எதுவென்று ஒவ்வொரு தடவையும் தேடுகிறேன், பிடிபடுவதில்லை. பிள்ளைகள் சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

மறுகிழமை சுற்றுலா அறிக்கை எழுதி வரச் சொன்னேன். ஆண்டு வாரியாக ஒரு அட்டவணை வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பையனின் கொப்பியில் 1658, 1697, 1795, 1803, 1905 எல்லாம் சரியாக இருந்தன. அதன் கீழே, 1990: எங்கள் சேரின் குடும்பம் வேறு வழியால் அனுப்பப்பட்டது. 2000: எங்கள் மாமா இங்கே இறந்தார். 2002: சேரின் வாப்பா திரும்பி வந்தார். 'வாப்பா' என்றே எழுதியிருந்தான், அப்பா என்று மாற்றவில்லை.

கொப்பிகளை அதிபர் பார்ப்பார், வலயத்திலிருந்தும் பார்க்க வருவார்கள். சிவப்புப் பேனையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அவன் ஒல்லாந்தர் என்பதை எல்லா இடத்திலும் 'ஒள்ளாந்தர்' என்று எழுதியிருந்தான். அதைத் திருத்தினேன். மற்றதைத் தொடாமல் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.